வெறும் பெட்டி தூக்கிப் போடும்

வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்ட நாளிலிருந்து என் போனுக்கு ஓய்வில்லை. கூடப் படித்தவர்கள், அவர்களுடைய அண்ணன்மார், மாமாமார் என்று யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பிக்கப்பின் படத்தை அனுப்பி, இது நல்லதோ மற்றது நல்லதோ, எது சொகுசு, எது செலவு குறைவு என்று கேட்பார்கள். நான் பொறியியல் படித்தவள் இல்லை. படித்தது கணக்கியல். ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு வாகனப் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையால் பதில் போடத் தொடங்கிவிடுவேன். முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங்கா, பின்னுக்குத் தகட்டு ஸ்பிரிங் என்றால் எத்தனை தகடு, லீற்றருக்கு எவ்வளவு ஓடும், ரயர் மாற்ற என்ன முடியும், சாமான் வவுனியாவிலேயே கிடைக்குமா அல்லது கொழும்புக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா. எல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன்.

"பின்பெட்டியில ஆர் இருக்கப் போயினம்?"

பகிடி என்று நினைத்து ஒரு சிரிக்கிற முகத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். பகிடி இல்லை. பிக்கப்பின் சொகுசைப் பற்றிப் பேசுகிற எல்லா வீடியோவும் முன்சீற்றோடு முடிந்துவிடுகிறது. சீற்றுத்தோல் எப்படி, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எவ்வளவு குறையும், ஏசி எவ்வளவு கெதியாகக் குளிரும் என்று மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள். பின்பெட்டிக்குள் சாக்கின் மேல் சப்பாணி கட்டி இருந்து பார்த்து, இது தாங்கும், அது தாங்காது என்று சொன்ன ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை. நாங்கள் பிக்கப்பில் போனதே அப்படித்தான். முன்சீற்று என்றால் அது அப்பாவும், சில நேரம் ஒரு வாழைக்குலையும்.

எங்கள் வீடு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிற றோட்டில் கொஞ்சத் தூரம் போய், உள்ளுக்குத் திரும்பி, கிரவல் பாதையால் போனால் குளத்துக்குக் கீழே இருக்கிறது. வயலும் ஒரு பப்பாசித் தோட்டமும். அந்தக் கிரவல் பாதை மழைக்குச் சேறு, வெயிலுக்குப் பலகாரத் தட்டு மாதிரி வரி வரியாக இறுகிப்போன புழுதி. அந்த வரிகளில் எந்த வாகனமும் தன் உண்மைக் குணத்தைக் காட்டிவிடும். எங்களிடம் அப்போது ஒரு பழைய சிங்கிள்கப் இருந்தது. முன்னுக்கு மூன்று பேர் நெருங்கி இருக்கலாம், பின்னுக்கு நீளமான திறந்த பெட்டி. ஒரு காலத்தில் நீல நிறம். வீட்டில் அதற்கு நீலன் என்று பெயர்.

அம்மாவுக்கு மூடின வாகனம் ஒத்துவராது. பஸ்ஸோ, வானோ, காரோ, கதவைச் சாத்திக் கொஞ்சத் தூரம் போகமுன் முகம் வெளிறி, கை குளிர்ந்து, சாப்பிட்டதெல்லாம் சத்தியாய் வெளியே வந்துவிடும். தேசிக்காயை மூக்கில் வைத்துப் பார்த்தா. புளி இனிப்பைக் கொடுப்புக்குள் அடக்கிப் பார்த்தா. யாரோ சொன்னார்கள் என்று வயிற்றில் பேப்பர் வைத்துச் சேலையை இறுக்கிக் கட்டியும் பார்த்தா. ஒன்றும் சரிவரவில்லை. ஆனால் நீலனின் பின்பெட்டியில் ஏற்றிவிட்டால் போதும், எங்கேயும் வருவா. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு, தண்ணீரூற்றுக் கலியாண வீடுகளுக்கு, வவுனியா ஆசுப்பத்திரிக்கு, எல்லாவற்றுக்கும். தலையில் பருத்தித் துண்டைச் சுற்றிக் கட்டி, நெல்மூட்டையில் சாய்ந்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருப்பா. குசினிக்குள் காணாத ஒரு அம்மா அது. அக்காவும் நானும் இரண்டு பக்கமும். பாலைப்பழக் காலத்தில் றோட்டோரக் கொப்புகள் தாழ்ந்து வந்தால் அம்மா எழும்பி நின்று எட்டிப் பிடிப்பா. பிடித்த கையோடு மற்றக் கையால் கபினின் கூரையில் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் நிப்பாட்டு. இரண்டு தட்டு என்றால் போ. அப்பாவுக்கு முன்னுக்கு என்ன பாட்டுப் போனாலும் அந்தத் தட்டுக் கேட்கும். நாங்கள் பெட்டிக்குள் நின்று பழம் ஆய்ந்து முடிக்கும்வரை அவர் இறங்கி ஒரு வெற்றிலை போடுவார். பிறகு அம்மாவின் இரண்டு தட்டு. வாயெல்லாம் பாலைப்பால் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுத்த உதட்டோடு வீடு வந்து சேர்ந்த பின்னேரங்கள் எத்தனையோ.

எனக்குப் பின்பெட்டி அதற்கும் முன்னாலேயே பழக்கம். நான் நடந்து ஓடத் தொடங்கிய வயதில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. ட்ரக்டர் பெட்டியில் பாய், சட்டிபானை, இரண்டு கதிரை, ஒரு கோழிக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலே நாங்கள். மற்றவர்களுக்கு அது என்ன ஞாபகமோ, எனக்கு அது மடியும் ஆட்டமும்தான். பெட்டி ஆட ஆட அம்மாவின் மடியில் நித்திரை கொண்டது. அதற்குப் பிறகு, முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து எங்களை முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போன பஸ். கண்ணாடி எல்லாம் பூட்டு. கதவை வெளியிலிருந்துதான் திறந்தார்கள். நின்று நின்று ஒரு முழு நாள் போனது. அந்தப் பஸ்ஸைப் பற்றி அம்மா கதைக்கிறதில்லை. ஏன் உங்களுக்குச் சத்தி வருகுது என்று கேட்டால், பெற்றோல் மணம் ஒத்துவராது என்று மட்டும் சொல்லுவா. நீலன் ஓடியது டீசலில். அதன் மணமும் குறைந்ததில்லை.

நீலனை விற்கலாம் என்று சொன்னது நான்தான். இறக்குமதி நின்று போயிருந்த காலம். பழைய இரும்புக்குக்கூடப் புது வாகனத்தின் மதிப்பு. அடிச்சட்டம் கறள் பிடித்து, கதவொன்று கயிற்றில் நின்ற நீலனுக்குக் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒருவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பாவே இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். இப்போது விற்று, கொஞ்சம் சேர்த்து, ஆறுதலாக நல்லது ஒன்று பார்த்து வாங்குவோம் என்பது என் திட்டம். எனக்கென்ன, மூன்று நான்கு வாகனம் ஓடிப் பார்க்கச் சந்தர்ப்பம் கிடைக்கப் போகிறது என்று துள்ளிய புளுகம். நீலன் படலை தாண்டிப் போகும்போது அம்மா வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய் நின்றுகொண்டா. நீலனின் புகைக்கு ஒதுங்கியதாகச் சொன்னா.

ஆறுதலாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. அக்கா மன்னாரில் கலியாணம் கட்டியிருந்தா. தலைப்பிள்ளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. பயணம் செய்யக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட, அங்கேயே நின்றுவிட்டா. பிள்ளையும் சொன்ன நாளுக்கு முந்திப் பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. போனில் வந்த முகத்தை அம்மா கைக்குள் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முப்பத்தொன்றுக்கு, அதாவது துடக்குக் கழித்துப் பிள்ளையை எல்லாருடைய கையிலும் கொடுக்கிற நாளுக்கு, தாய்வீட்டிலிருந்து போக வேண்டும். அம்மா போக வேண்டும். வாகனம் இல்லை.

வான் ஒன்று பிடிப்போம் என்று அப்பா சொன்னார். அம்மா சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினா. ஓட்டோவில் போவோமா என்று கேட்டேன். அது மாங்குளச் சந்தைக்குச் சரி, மன்னாருக்குப் போனால் என்னை மடிச்சுத்தான் இறக்க வேணும் என்றா. பிறகு சுளகைப் பார்த்துக்கொண்டே, "நான் இல்லாமல் முப்பத்தொண்டு செய்யட்டும். பிள்ளை வளர்ந்து என்னைப் பாக்க வரும்தானே," என்றா. அந்தக் குரலைக் கேட்ட பிறகு அப்பாவும் நானும் அடுத்தநாட் காலையே வாகனம் பார்க்கக் கிளம்பினோம்.

முதலில் பார்த்தது ஒரு குட்டி லொறி. விலை குறைவு, டீசல் கொஞ்சமாகக் குடிக்கும், சாமான் சந்திக்குச் சந்தி கிடைக்கும். செலவுக் கணக்கில் அதை ஒன்றும் வெல்ல முடியாது. அம்மாவும் பார்க்கட்டும் என்று விற்கிறவர் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா பெட்டியில் ஏறி இருந்தா, நானும் ஏறினேன், அப்பா ஓட்டினார். சில்லு சின்னது, கிரவலின் ஒவ்வொரு வரியையும் விடாமல் எண்ணிக்கொண்டு போனது. திரும்பி வந்து இறங்கினபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விடிய குடிச்ச தேத்தண்ணி தொண்டைக்கு வந்திட்டுது என்றா. அப்பாவுக்குத் தன் பப்பாசியைப் பற்றிய கவலை.

"இதில ஏத்தினா தம்புள்ளைச் சந்தைக்குப் போய்ச் சேரேக்க ஜூஸாத்தான் இருக்கும்," என்றார். விற்க வந்தவரும் சிரித்துவிட்டார். பழம் நசியாமல் போய்ச் சேருமா என்பதுதான் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சொகுசு. யோசித்தால் அது ஒன்றும் மோசமான அளவுகோல் இல்லை.

இரண்டாவது, என்னுடைய கனவு. வவுனியாவில் ஒரு விற்பனை வளவில் நின்ற வெள்ளை டபிள்கப். நாலு கதவு, பின்னுக்கும் ஒரு சீற்று, கட்டையான பெட்டி. அதன் முகத்தைப் பார்த்ததும் நான் கணக்கியலை மறந்துவிட்டேன். விலையைக் கேட்டதும் அப்பா வயல் பக்கம் நினைவைத் திருப்பியிருப்பார், அவருடைய நெற்றி அப்படிச் சுருங்கியது. லீசிங் போடலாம் ஐயா என்றார் வளவுக்காரர். பிக்கப்புகளிலே இதன் ஓட்டந்தான் கார் மாதிரி என்று நான் அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அது உண்மையும்தான். பின்னாலே தகடு என்றாலும் மெல்லிய, நீளமான தகடு. வெறுமையாக ஓடினாலும் அவ்வளவு துள்ளாது.

அயலவர் ஒருவரின் ட்ரக்டர் சாமான் ஏற்றப் போனதால்தான் அம்மாவை வவுனியாவரை கூட்டிக்கொண்டு போக முடிந்தது. அவ்வளவு தூரம் ட்ரக்டர் பெட்டியில் வந்தும் பூப்போல இறங்கினா. வளவுக்காரருக்கு அம்மாவில் நல்ல மரியாதை. முன்கதவைத் திறந்து பிடித்து, ஏறுங்கோ அம்மா என்றார். அம்மா என்னைப் பார்த்தா. நான் ஏறச் சொல்லித் தலையாட்டினேன். கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. என்ன அழகான சத்தம் அது! ஏசி போட்டார், கண்ணாடி தானாக ஏறியது, கண்ணாடிக்கு முன்னால் தொங்கிய வாசனைக்குப்பி ஆடியது. வாகனம் எண்ணெய் மேலே போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பின்சீற்றிலிருந்து நான் எட்டிப் பார்த்தபோது அம்மாவின் கை கதவில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, திரும்ப மேலே. பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

"நிப்பாட்டுங்கோ," என்று நான் கத்தினேன்.

றோட்டோரத்து மதகுக் கட்டில் அம்மா கொஞ்ச நேரம் இருந்தா. வளவுக்காரர் பாவம், தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்து, ஏசி பழக்கமில்லைப் போல, பழகினால் சரியாப் போயிடும் என்றார். அம்மா வாயைத் துடைத்தா.

"தம்பி, உங்கட வாகனத்தில ஒரு பிழையுமில்லை. சாத்தின கதவை ஆர் திறக்கிறதெண்டு எனக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்."

பிறகு எழும்பி, நம்பிக்கையோடு பின்பக்கம் போய்ப் பார்த்தா. பெட்டிக்கு மேலே கறுப்புப் பிளாஸ்ரிக் மூடி பூட்டியிருந்தது. இதைக் கழட்டினால் நான் இதுக்குள்ள இருந்து வருவன் என்று சொன்னபோது வளவுக்காரர் திகைத்துப் போனார். இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு அம்மாவைப் பின்னுக்கு ஏத்துறதோ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மனமில்லாமல் நானும் அந்த வெள்ளை முகத்தை விட்டுத் திரும்பினேன். இன்றைக்கும் வவுனியாப் பக்கம் போகும்போது அதே மாடலைக் கண்டால் கழுத்து தானாகத் திரும்பும்.

மூன்றாவது தண்ணீரூற்றில். மலையகத்திலிருந்து தகப்பன் காலத்தில் வந்து குடியேறி, கச்சான் கடலை பயிர் செய்கிற ஒருவரிடம் நின்ற சிங்கிள்கப். வெள்ளை என்று சொன்னார்கள், பார்த்தால் சாம்பல். ஏசி இல்லை, கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். ஆனால் பின்னாலே குனிந்து பார்த்தேன். தடித்த தகடுகள், போதாக்குறைக்கு மேலதிகமாக ஒன்று. ஒரு தொன்னுக்கு மேலே ஏற்றலாம். விலை டபிள்கப்பில் பாதி. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் இயந்திரம் எவருக்கும் தெரிந்த இயந்திரம், எந்த மரத்தடியிலும் பிரித்துப் பூட்டலாம்.

அதே அயலவரின் ட்ரக்டரில் வந்திருந்த அம்மாவும் நானும் பெட்டியில் ஏறினோம். அப்பா எடுத்தார். முதல் பள்ளத்திலேயே இரண்டு பேரும் ஒரு சாண் மேலே போய், தனித்தனியாக வந்து விழுந்தோம். அடுத்ததில் செருப்பு ஒன்று பறந்தது. அம்மா கபின் கூரையில் அடித்த அடி ஒரு தட்டோ பத்துத் தட்டோ தெரியவில்லை. நான் பயந்துபோய்ப் பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தா, பிள்ளை பிறந்த செய்திக்குப் பிறகு முதல் தடவையாக.

வெறும் பெட்டி தூக்கிப் போடும் என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் ஏற்ற என்று செய்த தகடு, பாரம் இல்லாவிட்டால் அது என்ன செய்யும்? அப்பா வாகனக்காரரோடு கதைத்தார். அவருடைய கச்சான் மூட்டைகள் வீட்டு விறாந்தையிலேயே கிடந்தன. "ஏத்திப் பாருங்கண்ணே, அப்பதான் இவன் ஆளு யாருன்னு தெரியும்," என்றார் அவர். மூட்டைகளை ஏற்றி, அதே பள்ளங்களால் திரும்பப் போனோம். இப்போது வாகனம் பள்ளத்துக்குள் இறங்கி, மெதுவாக எழும்பி, வள்ளம் மாதிரி ஆடிப் போனது. எனக்கு நித்திரை வரப்பார்த்தது. அம்மா மூட்டையில் சாய்ந்து, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டா.

"இது எங்கட ஆள்," என்றா.

முப்பத்தொன்றுக்கு முதல்நாள் கிளம்பினோம். பாரத்துக்கு என்ன போடுவது என்று பார்த்தால் வீட்டில் நெல்லெல்லாம் விற்று முடிந்துவிட்டது. மிச்சமாய் இருந்தது அடுத்த போகத்துக்கு என்று அப்பா தானே பார்த்துத் தெரிந்து, காயவைத்துக் கட்டியிருந்த விதைநெல் மூட்டைகள்தான். பாரத்துக்குத்தானே, அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கிறது என்று அப்பா சொன்னார். அந்த மூட்டைகள் மன்னாருக்குப் போய்த் திரும்பி வருவதற்கு மேலதிகமாக எவ்வளவு டீசல் முடியும் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னேன். வான் வாடகையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. உலகத்திலேயே மலிந்த சொகுசு என்று எனக்குப் பெருமை.

பிள்ளைப்பெத்த உடம்புக்குக் காயச்சரக்கு, நல்லெண்ணெய், முருங்கையிலை, ஒரு பெட்டி பப்பாசி, எல்லாம் மூட்டைகளுக்கு இடையில். அம்மா நடுவில். மல்லாவி தாண்டி வெள்ளாங்குளத்தில் மன்னார் றோட்டில் ஏறியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அம்மாவோடு அப்படி ஒரு நீண்ட ஓட்டம். அக்கா இருந்த இடத்தில் பப்பாசிப் பெட்டி இருந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம். அம்மா எனக்குப் பழைய கதையெல்லாம் சொன்னா. நீலனின் பெட்டியில் ஒரு தரம் ஆட்டுக்குட்டி ஒன்று பாய்ந்து ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றதை நான் மறந்தே போயிருந்தேன்.

அக்காவின் வீட்டுப் படலைக்குள் வாகனம் நின்றதும் முதலில் வந்தது அக்காவின் மாமி. ஊரில் வயல் இல்லாத சனம், அரிசியைக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். மாமி பெட்டியை எட்டிப் பார்த்தா. மூட்டைகளைப் பார்த்தா. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டா.

"மச்சாள், பேத்திக்கெண்டு இவ்வளவு தூரம் மூட்டை மூட்டையாக் கொண்டந்திருக்கிறியள். எங்கட வீட்டுக்குள்ள இப்பிடி நெல்லு வந்து நான் பார்த்ததேயில்லை."

அத்தானும் அவருடைய தம்பியும் அதற்குள் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் போட்டுவிட்டார்கள். அப்பா வாயைத் திறந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தா. அப்பா வாயை மூடினார். அவ்வளவுதான் நடந்தது. மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. நாளைக்கே மில்லுக்குக் கொண்டுபோய்க் குத்தி, பிள்ளையின் பேரால் முதல் பொங்கல் அதில்தான் என்று மாமி அறிவித்தா.

கிணற்றடியில் கால் கழுவும்போது அப்பா மெல்லக் கேட்டார். "இஞ்சேரும், அது விதைநெல்லெல்லே?"

"பேசாமல் இருங்கோ. பிள்ளைக்குத்தானே போகுது."

நான் அறைக்குள் போய் அக்காவின் காதில் சொன்னேன். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியில் கேட்கக்கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துவிட்டது. அந்த நேரம் அம்மா உள்ளே வந்தா. பிள்ளையை வாங்கினா. தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. மூன்று தலைமுறையும் ஒரு கட்டிலில் இருக்க, நான் படமெடுக்க மறந்துபோய் நின்றேன்.

முப்பத்தொன்று நன்றாக முடிந்தது. மாமியின் பொங்கல் மணத்தது. அப்பா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். நல்ல நெல்லு, என்ன செய்யிறது என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். அடுத்தநாட் காலை கிளம்பும்போதுதான் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தோம். வெறும் பெட்டி. மாமி தந்த கருவாட்டுப் பொதி ஒரு மூலையில், பாரத்துக்கு அது ஒன்றுதான்.

மன்னார்ப் பாலம் தாண்டும்வரை சமாளித்தோம். தார் நல்ல தார்தான், ஆனால் மதகுக்கு மதகு ஒரு பள்ளம். முதல் மதகில் அம்மா மேலே போனா. இரண்டாவதில் விழுந்த விழுகையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டா, அது சிரிப்பு இல்லை. கூரையில் ஒரு தட்டு. அப்பா நிறுத்தி இறங்கி வந்தார்.

சாக்கு வாங்கி மண் நிரப்புவோம் என்றேன். மண் ஏத்தினால் வழியில பொலிஸ் பெர்மிற் கேட்கும், விதைநெல்லும் போய் வழக்கும் வேணுமோ என்றார் அப்பா. கல்லுப் பொறுக்குவோம் என்று அவரே தொடங்கி, இரண்டு கல்லைத் தூக்கிப்போட்டுவிட்டு, இது எத்தினை போட வேணும் என்று என்னைக் கேட்டார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு கல்லையும் எடுத்துக் கீழே போட்டேன். திரும்பிப் போய் மூட்டையைத் தாங்கோ என்று மாமியிடம் கேட்பதை மூன்று பேரும் நினைத்திருப்போம்.

அம்மா பெட்டியிலிருந்து இறங்கினா. முன்கதவுக்குப் போனா. கதவைத் திறந்து, ஏறாமல் நின்றபடியே கண்ணாடிப் பிடியைச் சுற்றினா. கண்ணாடி அடிவரை இறங்கியது. திரும்பச் சுற்றி ஏற்றினா. திரும்ப இறக்கினா. பிறகு ஏறி இருந்து, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பிடியை இழுத்துத் திறந்து பார்த்தா. சாத்தினா. இன்னொரு தரம் திறந்தா. எங்களைப் பார்க்கவில்லை. ஒரு புதுச் சட்டியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, தன் பாட்டில் செய்தா.

"நீ பின்னுக்கு ஏறு," என்றா என்னைப் பார்த்து.

நானும் முன்னுக்கு நடுவில் இருக்கலாமே என்று கேட்கவில்லை. ஏறினேன். கபினின் பின்கண்ணாடியால் அம்மாவின் தலை தெரிந்தது. ஒரு கை வெளியே, கதவின் மேல்விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி. அப்பா பாட்டுக்கூடப் போடாமல், மாட்டுவண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். அந்த வேகத்திலும் வெறும் பெட்டி என்னை விடவில்லை. கருவாட்டுப் பொதியும் நானும் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்குப் போய் வந்தோம். ஒரு பக்கம் கடல்வெளி, மறுபக்கம் வயல், மேலே வெயில். எலும்பெல்லாம் நோக நோக, அப்படியே சின்னவளாகிப் போனேன். எட்டிப் பிடிக்கப் பாலைக்கொப்பு ஒன்று இல்லாத குறை.

இலுப்பைக்கடவை வர ஒரு தட்டு. அம்மாதான், வெளியே கையை நீட்டிக் கூரையில். அப்பா ஓரங்கட்ட முன்னமே கதவு திறந்துவிட்டது. அம்மா தானே திறந்தா. வேலியோரம் குந்திச் சத்தி எடுத்தா. நான் பாய்ந்து இறங்கித் தண்ணீர் வார்த்தேன். வாய் கொப்பளித்து, முகம் கழுவி, மரநிழலில் கொஞ்ச நேரம் நின்றா. முகம் வெளிறித்தான் இருந்தது. சரி, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு நான் போய்ப் பெட்டியின் பின்கதவை இறக்கி, அம்மா ஏறக் கருவாட்டுப் பொதியை ஒதுக்கி, என் துண்டை மடித்து அவ இருக்கிற இடத்தில் போட்டேன்.

அம்மா வந்து அதைப் பார்த்தா.

"அதைப் பூட்டு," என்றா.

முன்னுக்குப் போனா. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இந்த வாகனத்தின் கதவுச் சத்தம் அப்படி ஒன்றும் அழகில்லை, தகரச் சத்தம். நான் பெட்டிக்குள் ஏறி, கபினுக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் கை வெளியே வந்தது, ஈரம் காயாத கை. கூரையில் இரண்டு தரம் தட்டியது.

அப்பா கிளச்சை விட்டார். வெறும் பெட்டி என்னைத் தூக்கிப் போட்டது.